நிற்பதற்கு இரண்டு புள்ளி

சோஹார் துறைமுகத்துக்குப் போகும் சாலையில்
டயர் கடைக்கு மேல்மாடி, என் ஆபீஸ்.
இந்த வாரம் மேசைக்கு வந்திருப்பது
ஒரு கிடங்கு, ஒரு ஃபோர்க்லிஃப்ட், ஒரு மனிதன்,
பதினான்கு நொடி.

கேமரா பார்த்தது எட்டு.
மிச்சம் ஆறை
ஓர் அட்டைப்பெட்டி அடுக்கு மறைத்துக்கொண்டது.
அந்த ஆறுக்குத்தான் எனக்குக் கூலி.

பேனாக் கருவியால் தரையில் ஒரு கோடு இழுத்தேன்.
வளைவில் ஒரு புள்ளி.
அதன் இரண்டு காதையும் பிடித்துத் திருகினால்
கோடு சொன்னபடி கேட்கும்.
வண்டியைக் கோட்டில் கோத்து
பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஓட விட்டேன்.

ஓடியது,
முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு.
பின்னோக்கி வருவது என்ற ஒன்றையே
மென்பொருள் நம்புவதில்லை.
போகிற பக்கம் பார்த்துப் போகும் ஒழுக்கமான வண்டி.
'பாதையின் திசைக்குத் திரும்பு' என்ற கட்டத்தில்
டிக்கை எடுத்த பிறகுதான்
அன்று வந்ததுபோலவே வந்தது,
முதுகைக் காட்டிக்கொண்டு.

மனிதனுக்கு முகம் கிடையாது.
விலைக்கு வாங்கிய சாம்பல் பொம்மை.
பெயர்: உருவம் 3.
தண்ணீர் கூலரிலிருந்து ரேக் வரை
அவனுக்கும் ஒரு கோடு,
நடைபாதையின் மஞ்சள் பட்டைக்கு உள்ளேயே.

ஹிஷாம் போன் செய்தார், காப்பீட்டுக்காரர்.
பண்பான குரல்.
"அந்த ஆளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்து, ஹபீபி.
பட்டையைத் தாண்டுகிற மாதிரி."
திரையில் நாற்பது பிக்சல்.
கிடங்கில் ஒன்றரை மீட்டர்.
நஷ்டஈட்டில் எவ்வளவு என்று
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
நகர்த்தினேன்.
கோடு சொன்னபடி கேட்டது.

சாயங்காலம் உருவம் 3 மாடியேறி வந்தது.
காலைச் சுற்றிக் கம்பிகள். பதினெட்டுப் படி.
'பார்த்தேன், சரி' என்று கையெழுத்துப் போடக்
கம்பெனி அனுப்பியிருக்கிறது.
புத்திமான் தாமாங்.
புத்திமான் பலவான் என்று எங்கள் ஊரில் சொல்வோம்;
அதை விளக்க என் இந்தி போதாது,
நேரமும் சரியில்லை.

கீழேயிருந்து கரக் டீ வரவழைத்தேன்.
படத்தைப் பார்த்தான். மறுபடி போடச் சொன்னான்.
மூன்றாம் தடவை
டீயில் விரலை நனைத்து
என் மேசைக் கண்ணாடியில் வரைந்தான்.
இது கூலர். இங்கிருந்து இப்படி.
இங்கே கையுறை விழுந்தது.
அந்த இடத்தில் விரலை எடுக்கவில்லை.
வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தான்.
நகத்தைச் சுற்றி டீ திரண்டது.
"நடக்கல. நின்னேன்."

நான்கு வருஷமாக எதையெதையோ ஓட்டியிருக்கிறேன்,
கப்பல், கண்டெய்னர், பீட்சாப் பையனின் பைக்.
யாரையும் நிறுத்தியதில்லை.
ஒரு புள்ளி வைத்தால்
உருவம் அதைத் தொட்டுவிட்டுப் போய்விடும்.
அதே இடத்தில், காலம் மட்டும் தள்ளி,
இன்னொன்று வைக்க வேண்டும்.
ஓடுகிறவனுக்குப் போதுகிற புள்ளி
நிற்கிறவனுக்குப் போதாது.

வைத்தேன். மஞ்சளுக்கு உள்ளே.
உருவம் நின்றது.
முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி வந்தது.
அவன் திரையைப் பார்க்கவில்லை,
ஏசிக்கு அடியில் நிரம்பிக்கொண்டிருந்த
பிளாஸ்டிக் வாளியைப் பார்த்தான்.
கையெழுத்துப் போடாமல் இறங்கினான்.
படிகளை நானும் எண்ணினேன்.

இப்போது என்னிடம் இரண்டு கோப்பு.
படமாக வெளியேறும்போது
இரண்டிலும் கோடு தெரியாது.
கோடு, வரைந்தவன் கண்ணுக்கு மட்டும்.

காலையில் கதவைத் திறந்தால்
மேசைக் கண்ணாடிமேல் எறும்புகள்.
இந்த ஜூலைப் புழுக்கத்தில்
முதல்மாடிக்கு எப்படி வந்தனவோ.
காய்ந்த சர்க்கரைத் தடத்தில்
கூலரிலிருந்து ரேக்குக்குப் போகின்றன,
ஒன்றும் பிசகவில்லை.
கையுறை விழுந்த இடத்தில் மட்டும்
ஒரு கும்பல் நின்றுகொண்டிருக்கிறது.

போன் அடிக்கிறது. ஹிஷாம்.
மேசை துடைக்கும் துணி என் கையில்.